ஜெய்சங்கரின் குதிரையும் எடைக்குப் போன பாட்டுப் புத்தகமும்

நான் ஓசூர்னு ரெகுலரா கேக்குறவங்களுக்குத் தெரியும். எங்க ஊர்ல இருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். அதைத் தாண்டி இன்னொரு ஐம்பது போனா ராமநகரம். 1973 அக்டோபர்ல அங்கதான் 'ஷோலே' ஷூட்டிங் ஆரம்பிச்சாங்க. அந்தப் பாறை மலையடியில ஒரு கிராமத்தையே செட் போட்டாங்க. 1975 ஆகஸ்ட் 15-ல் படம் வந்தது. கௌபாய் கதைக்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை, நம்ம பாறையே போதும்னு நாடு முழுக்கக் காட்டின படம் அது. கிருஷ்ணகிரி, ராயக்கோட்டைப் பக்கம் பஸ்ல போனவங்களுக்கு அந்தப் பாறையெல்லாம் ரொம்பப் பழகின முகமா இருக்கும்.

ஆனா அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே தமிழ்ல குதிரை ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஒளிப்பதிவாளர் எம். கர்ணன் இயக்கி, ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' ரெண்டுமே 1972-ல் வந்தவை. தொப்பி, துப்பாக்கி, பழிக்குப் பழி, எல்லாம் உண்டு. 2010-ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தப்போ ஒரு ஊருக்கு ஜெய்சங்கர்புரம்னு பேர் வச்சது சும்மா இல்ல.

சரி, இந்த மாதிரிப் படம் இன்னும் என்னென்ன வந்திருக்குன்னு ஒரு ரசிகன் தேடினா எந்தப் புத்தகத்தைப் புரட்டுவான்?

இங்கிலீஷ்ல அலமாரியே இருக்கு. இத்தாலிக்காரங்க எடுத்த கௌபாய் படங்களை 'ஸ்பகெட்டி'ன்னு கேலி பண்ணிட்டிருந்த காலத்துல, 1981-ல் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் அதுங்களை வரலாறா எடுத்துக்கிட்டு ஒரு முழு நூல் எழுதினார். 1983-ல் ஃபில் ஹார்டியின் கலைக்களஞ்சியம் வந்தது. வருஷ வாரியா படங்கள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறிப்பு. 1988-ல் எட்வர்ட் பஸ்கோம்ப் தொகுத்த பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் கையேடு. கேலி பண்ண ஒரு விஷயத்துக்குப் பட்டியல் போட்டா, அதுக்கு மரியாதை வந்துடுது. அதுதான் இந்தப் புத்தகங்கள் செஞ்ச வேலை.

தமிழ் ரசிகன் மூணு இடத்துல பொறுக்கித்தான் சேர்க்கணும்.

முதல் இடம், பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசல்ல சில்லறைக் காசுக்கு வித்தது. நடிகர் பட்டியல், டெக்னீஷியன் பேர், பாட்டு, பாதிக் கதை. மீதியை வெள்ளித்திரையில் பார்த்துக்கணும். அற்பமா தோணுதா? 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', இன்னைக்கு ஒரு பிரின்ட்கூட இல்ல. பழைய விளம்பரம், பத்திரிகைச் செய்தி, பாட்டுப் புத்தகம், இந்த மாதிரிக் காகிதத்தை வச்சுத்தான் அதைப் பத்தி நாம பேசுறோம்.

ரெண்டாவது, ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 'ஃபிலிம் நியூஸ்' பத்திரிகைக்குப் படம் எடுத்ததால அந்தப் பேர். 1958-ல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு மக்கள் தொடர்பாளரா இருந்தவர். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ.ன்னு அவரைத்தான் சொல்வாங்க. நோட்டீஸ், போட்டோ, பாட்டுப் புத்தகம்னு கைக்கு வந்த எதையும் அவர் விடல. அந்தச் சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கியது. 2004-ல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' புத்தகமா வந்தது. 2016-ல் அவர் காலமானார். அதுல வருஷத்தை வச்சுத்தான் தேடணும். 'கௌபாய்'னு தனி அத்தியாயம் இருக்காது. அதனால 1972-ம் வருஷம்னு உங்களுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கணும்.

மூணாவது, சிவகாசி. 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ். இத்தாலியில 1948-ல் பிறந்த டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்து லக்கி லூக், பிரெஞ்சு புளூபெர்ரி எல்லாரும் தமிழ் பேசினது இங்கதான். புளூபெர்ரி நமக்கு கேப்டன் டைகர். அப்பாச்சேயும் நவஹோவும் யாருன்னு ஒரு தலைமுறை கத்துக்கிட்டது பள்ளிக்கூடத்துல இல்ல, இதுல. ஆசிரியர் விஜயன் எழுதற 'ஹாட்லைன்' பக்கத்தையும், 'சிங்கத்தின் சிறு வயதில்' தொடரையும் சேர்த்து வச்சவங்ககிட்ட அந்தப் பதிப்பு வரலாறே இருக்கு.

இப்ப என் கதை. சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு வர்ற எங்கப்பாகிட்ட ஒரு ட்ரங்க் பெட்டி இருந்தது. உள்ள காமிக்ஸ், அடியில பாட்டுப் புத்தகங்கள். வீடு மாறினப்போ, கரையான் அரிச்ச குப்பைன்னு நினைச்சு, நான்தான் அதைப் பழைய பேப்பர் கடையில போட்டேன். தராசுல வச்சாங்க, எடைக்குக் காசு குடுத்தாங்க. அதுல ஜூஸ் குடிச்சேன். அப்பா ஒண்ணுமே சொல்லல. பெட்டியை மட்டும் திரும்பத் துடைச்சு வச்சார்.

ஆனந்தன் பத்திப் படிக்கும்போதுதான் உறைச்சது. அவர் எடுத்து வச்சதும் நான் எடைக்குப் போட்டதும் ஒரே காகிதம். ஒருத்தர் வச்சிருந்ததால வரலாறு ஆச்சு.

போன மாசம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். ராத்திரி சாப்பிட்டதும் அப்பாகிட்ட உக்காருவேன். எந்தப் படம், எந்தத் தியேட்டர், யார்கூடப் போனீங்கன்னு கேப்பேன். அவர் வருஷத்தைத் தப்பாச் சொன்னா ஆனந்தன் புத்தகத்தைப் பாத்துத் திருத்துறேன். கிருஷ்ணகிரிக்கு சைக்கிள்ல டபுள்ஸ் போனதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல, அதை அப்படியே எழுதிக்கிறேன்.

முதல் பக்கம், முதல் வரி: கங்கா, 1972. உங்க வீட்டுப் பரண்ல பெட்டி இருந்தா, தராசுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருங்க.