தனிவழியும் கூட்டுறவும்: பீற்றர் கேப்ரியலின் இசைப்பயணம்

கலைஞனொருவன் தான் சார்ந்த குழுவை விட்டு விலகுவதைத் தன்னலமெனக் கொள்வோர் பலர். ஆங்கிலேய றொக் பாடகரான பீற்றர் கேப்ரியலின் வரலாறு இம்முடிபை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது.

1967இல் இங்கிலாந்தின் சாட்டர்ஹவுஸ் பாடசாலை மாணவர் சிலர் 'ஜெனெசிஸ்' என்னும் இசைக்குழுவை அமைத்தனர். அதன் பாடகரான கேப்ரியல் முகமூடிகளும் விசித்திர உடைகளும் அணிந்து மேடையேறினார். பத்திரிகைகளின் கவனம் அவர்மீதே குவிந்தது. பாடல்களை ஆக்குவதில் ஏனையோருக்கிருந்த பங்கு மறைக்கப்பட்டது. இதனால் எழுந்த மனக்கசப்பும் குடும்பப் பொறுப்புகளும் சேர, 1975இல் அவர் விலகினார். குழு சிதைந்துவிடவில்லை. அதன் மேளக் கலைஞரான பில் கொலின்ஸ் பாடகராகி, அதனை மேலும் வளர்த்தார்.

கேப்ரியலின் முதலாவது தனி இசைத்தட்டு 1977இல் வெளிவந்தது. அதே ஆண்டு, தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஸ்ரீவ் பீக்கோ பொலிஸ் காவலில் மரணமடைந்தார். 1980இல் வெளியான தம் மூன்றாவது இசைத்தட்டிலே கேப்ரியல் அவருக்கு இரங்கற்பாடலொன்றைப் பாடினார். தனித்து நின்ற கலைஞனின் குரல் அங்கு ஓர் இனத்தின் துயரைப் பேசிற்று.

1982இல் பல நாட்டுக் கலைஞரையும் ஒன்றுசேர்க்கும் 'வோமாட்' விழா, அவரது முன்முயற்சியால் முதன்முறையாக நடைபெற்றது. அதன் விளைவு பெருங்கடன். அதனைத் தீர்க்கக் கைகொடுத்தோர் அவர் பிரிந்துவந்த பழைய தோழர்களே. அவ்வாண்டு ஒக்ரோபரில் மில்ரன் கீன்ஸ் நகரில் அவர்கள் அவருடன் மீண்டும் மேடையேறினர்.

குழுவிலிருந்து பிரிந்தவர் அதனினும் பரந்ததொரு கூட்டத்தைத் தேடிச் சென்றார் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.