கொங்குப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு (1945–1955)

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் கோயம்புத்தூர் வட்டாரப் பள்ளிகளின் ஓவிய வகுப்பு, இரு கல்வி நோக்கங்களுக்கு இடையே நின்றது. ஒன்று கையைப் பழக்குவது. மற்றொன்று குழந்தையின் மனத்தை வளர்ப்பது.

முதலாவது ஆங்கிலேயர் காலத்து முறை. 'டிராயிங் மாஸ்டர்' கரும்பலகையில் கூஜாவையோ இலையையோ வரைவார். மாணவர்கள் அதைப் பார்த்து வரைய வேண்டும். நடுங்காத கோடும் இருபுறச் சமநிலையும் மதிப்பெண் பெற்றன. வாசலில் புள்ளிக்கோலம் போட்டுவிட்டு வந்த சிறுமியும் பள்ளியில் கூஜாவைத்தான் வரைந்தாள்! ஆனால் இம்முறையைப் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. பஞ்சாலைகளும் இயந்திரப் பட்டறைகளும் நிறைந்த ஊரில் அளவு பிசகாமல் வரையத் தெரிந்தவனுக்கு வேலை இருந்தது. 1945-ல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி இங்கே தோன்றியது.

இரண்டாவது நோக்கம் காந்தியின் ஆதாரக் கல்வி வழியாக வந்தது. 1937-ல் ஜாகிர் உசேன் குழு வகுத்த வார்தா பாடத்திட்டத்தில் ஓவியம் தனிப் பாடமாக இடம்பெற்றது. உருவங்களையும் நிறங்களையும் உற்றுநோக்கவும், இயற்கையின் அழகை உணரவும், கைத்தொழிலுக்கான வடிவங்களை வரையவும் அது பயிற்சி தர வேண்டும் என்பது குழுவின் கருத்து. இக்கல்வியில் பற்றுக்கொண்ட தி.சு. அவினாசிலிங்கம் 1930-ல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். ஆதாரக் கல்வி விரிவடைந்ததும், 1948-ல் உயர்நிலைப் பள்ளிகளில் கைத்தொழிலுக்கு இடம் கிடைத்ததும் அவர் காலத்தில்தான். வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித்தூரன் குழந்தை உளவியலைத் தமிழில் எழுதினார்.

எனினும் ஆதாரக் கல்வியிலும் ஓவியம் பெரும்பாலும் தக்ளிக்கும் தறிக்கும் துணையாகவே நின்றது. குழந்தை தான் நினைத்ததை வரையலாம் என்ற எண்ணம் வேறு திசையிலிருந்து வந்தது. வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் அதை முன்பே செய்துகாட்டியிருந்தார். தில்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-ல் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கினார். மறு ஆண்டே அது பன்னாட்டுப் போட்டியாயிற்று.

1953-ல் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, பல்நோக்குப் பள்ளிகளுக்கு ஏழு பிரிவுகளைப் பரிந்துரைத்தது. அவற்றில் நுண்கலையும் ஒன்று. ஆனால் அதே பட்டியலில் தொழில்நுட்பமும் அறிவியலும் இருந்தன. கோவையிலோ 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் 1956-ல் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியும் திறக்கப்பட்டன.