பாவலர் அண்ணன் போட்ட மேடை

1976-ல் 'அன்னக்கிளி' வந்து தமிழ்நாட்டைப் புரட்டிப் போட்ட கதை உங்களுக்குத் தெரியும். யாருய்யா இந்த இளையராஜா என்று ஊரே கேட்டது. ஆனால், எலெக்‌ஷன் கூட்டங்களுக்குப் போய்ப் பழகிய ஜனங்களுக்கு அவர் புதுசு இல்லை. பாவலர் கச்சேரியில் ஆர்மோனியம் வாசித்த தம்பிதானே!

பாவலர் வரதராஜன்... பண்ணைப்புரத்துக்காரர். அண்ணன், தம்பிகள் சேர்ந்த 'பாவலர் பிரதர்ஸ்' குழுவின் தலைவர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைதான் அவருடைய சபா.

அவர் பாட்டுக்கு என்ன மதிப்பு இருந்தது? கொஞ்சம் மலையேறிப் பார்ப்போம், வாருங்கள்.

1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். ஆட்சிக்கு வந்தார். மொத்தம் 126 இடங்கள். கட்சிக்கு 60, கூடவே ஆதரவு சுயேச்சைகள் 5 பேர். ஒவ்வொரு சீட்டும் உசுருக்குச் சமம். அந்த நேரம் பார்த்து, தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1958-ல் இடைத்தேர்தல்.

தேவிகுளத்தில் ஓட்டு யாரிடம் இருந்தது? தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் கூலி ஜனங்களிடம். நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்களிடம் தத்துவம் பேசினால் எடுபடுமா? வரதராஜன் போனார். எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, வார்த்தையை மட்டும் மாற்றிப் போட்டார். மெட்டு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. இரண்டாம் தடவை பாடும்போது கூட்டமே சேர்ந்து பாடும். காங்கிரஸின் இரட்டைக் காளைச் சின்னம் அவர் பாட்டில் படாத பாடு பட்டது. ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். இந்த வெற்றி பாவலருக்குச் சேர வேண்டியது என்று இ.எம்.எஸ்.ஸே மேடையில் சொன்னதாக இளையராஜா பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

ராஜா தன் 14 வயதிலேயே இந்தக் குழுவுக்கு வந்துவிட்டார். மகரக்கட்டு உடையாத குரல் என்பதால் பெண் குரல் பாட்டெல்லாம் அவருக்கு. குரல் உடைந்தது, ஆர்மோனியத்தின் பக்கம் நகர்ந்தார். பாஸ்கரும் அமரும் கூட. சுமார் பத்து வருஷம் ஊர் ஊராகப் போனார்கள்.

இதை ஒரு பள்ளிக்கூடம் என்றே சொல்வேன். டிக்கெட் வாங்காத கூட்டம் அது. பிடிக்கவில்லையென்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடும். எந்த இடத்தில் ஜனங்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று ராஜா தெரிந்துகொண்டது அங்கேதான். 1964-ல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு அவர் முதன்முதலாக மெட்டுப் போட்டதும் அந்தக் குழுவில் இருந்தபோதுதான்.

1968-ல் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். அம்மா சின்னத்தாயி ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்து அனுப்பினார். அண்ணன் 1973-ல் காலமானார். 'அன்னக்கிளி' வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. தம்பியின் பாட்டு டீக்கடை டீக்கடையாக ஒலித்ததைக் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தம்பிகள் மறக்கவில்லை. பாஸ்கர் தயாரித்து, பாரதிராஜா இயக்கி 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தை டி.வி.யில் போட்டால், டைட்டிலைக் கவனியுங்கள். கம்பெனி பெயர்: பாவலர் கிரியேஷன்ஸ். அந்தப் பாவலர் யார் என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டால், தேவிகுளம் கதையைச் சொல்லுங்கள்.