கமரான் தீவில் இறக்கப்பட்ட ஹாஜிகள்

1865-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்காகக் கூடிய ஏறத்தாழ 90,000 பேரில் 15,000 பேர் வாந்திபேதிக்கு இரையாயினர் என்று கணக்கிட்டுள்ளனர். எஞ்சியோரில் பலர் நீராவிக் கப்பலேறி மே மாதத்தில் சூயஸை அடைந்தனர். நோயும் அவர்களுடன் இறங்கிற்று. இரயிலேறி அலெக்சாந்திரியா சென்றது. அங்கிருந்து ஐரோப்பியத் துறைமுகங்களைத் தொட்டது. பாய்மரக் கப்பலின் நீண்ட பயணத்தில் நடுக்கடலிலேயே அடங்கிவிடக்கூடிய நோயை, நீராவியின் வேகம் உயிரோடு கரை சேர்த்தது.

ஐரோப்பா திடுக்கிட்டது. தன் வாசலுக்கு வந்த பின்னரே திடுக்கிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1866-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடிற்று. அதன் பின் 1882-இல், யமன் கரையை ஒட்டிய கமரான் தீவில் உதுமானிய அரசு ஒரு நோய்த்தடுப்புக் காவல் நிலையத்தை அமைத்தது. இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்த ஹஜ்ஜுக் கப்பல்கள் அங்கே நின்ற பின்னரே ஜித்தா செல்லலாம். ஹாஜிகளை இறக்கி, துணிமணிகளைச் சுத்திகரித்து, நாட்கணக்கில் தங்கவைத்தனர். அதற்கான கட்டணத்தையும் அவர்களிடமே வாங்கினர்!

தடுத்து நிறுத்தியது தவறா? அன்று. சிரியாவில் கொள்ளைநோய் என்று கேள்வியுற்றதும் ஸர்கு என்னுமிடத்திலிருந்தே திரும்பியவர்கள் கலீபா உமர் (ரலி) அவர்கள். குறை வேறிடத்தில் இருந்தது. கமரான், ஹாஜியிடமிருந்து பிறரைக் காக்க எழுந்த மதில். நெரிசல் மிக்க கப்பல் தட்டிலே நல்ல தண்ணீரின்றித் தவித்த ஏழை ஹாஜியைக் காக்க எழுந்ததன்று. திரும்பும் வழியில் சினாய்க் கரையின் தூர் என்னுமிடத்திலும் அத்தகைய நிலையம் இருந்தது. 1905-இல் அங்கே இறந்த ஹாஜிகளின் உடல்களில் கண்ட வாந்திபேதிக் கிருமி, இன்றும் ‘எல் டோர்’ என்றே அவ்வூரின் பெயரால் வழங்குகிறது.

ஹாஜியையே காக்கும் முறைக்கு ஒரு சான்று அண்மைக் காலத்தது. 1987 ஹஜ்ஜில் மெனிஞ்சைட்டிஸ் எனப்படும் மூளையுறை அழற்சி பரவியது. தொடர்ந்து, வருவோர் அனைவருக்கும் தடுப்பூசி கட்டாயமாயிற்று. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் அந்நோயின் வேறொரு வகை தலைகாட்டிற்று. இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஹஜ்ஜுக்கே செல்லாத வீட்டாரும் நோயுற்றனர். ஆகவே 2002 முதல் நான்கு வகைகளுக்குமான தடுப்பூசி விதிக்கப்பட்டது.

அவ்வூசியைப் பயணத்தின் முந்தைய நாள் போட்டுக்கொள்வதில் பயனில்லை; சவூதி மண்ணை மிதிப்பதற்குப் பத்து நாட்களேனும் முன்னதாகப் போட வேண்டும். உடலில் எதிர்ப்பாற்றல் ஊற அவ்வளவு நாள் பிடிக்கும். 2012-இல் அறியப்பட்ட மெர்ஸ் நோய்க்கு ஒட்டகத்தோடும் தொடர்புண்டு. காய்ச்சாத ஒட்டகப் பாலை அருந்தலாகாது. வீடு திரும்பிய சில நாட்களுக்குள் காய்ச்சலோ, கழுத்து விறைப்போ, மூச்சுத் திணறலோ கண்டால், விருந்தினர் வரவை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்க. ஹஜ்ஜிலிருந்து வந்ததை அவர் கேட்குமுன் சொல்க.