ஊரோடு ஒட்டவைத்த சிகிச்சை: படைவீரர் மனக்காயமும் ஓர் எடின்பரோ மருத்துவமனையும்

போரில் மனம் காயப்பட்ட முன்னாள் படைவீரர்களை மலையேற்றம், தூண்டில் மீன்பிடிப்பு, தோட்டவேலை என்று வெளியே அழைத்துச் செல்லும் திட்டங்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெருகியுள்ளன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பின் முளைத்த புதுமையாகவே இவை பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஆனால் இவற்றின் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. அந்த மூல முறையில் இயற்கையைவிடச் சமூகமே முதலிடம் பெற்றிருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1915-இல் உளவியலாளர் சார்லஸ் மயர்ஸ் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியதை ஒட்டி, போரில் மனம் பாதிக்கப்படும் நிலைக்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ உலகில் பரவியது. பேச்சிழந்த சாதாரணச் சிப்பாய்களுக்கு லண்டனில் மருத்துவர் லூயிஸ் யெல்லண்ட் மின்னதிர்ச்சி கொடுத்தார். அதிகாரிகளுக்கோ வேறு கவனிப்பு. எடின்பரோவில் நீர்ச்சிகிச்சை விடுதியாக இருந்த கிரெய்க்லாக்ஹார்ட் 1916-இல் அவர்களுக்கான இராணுவ மருத்துவமனை ஆயிற்று. அங்கே பணியாற்றிய மருத்துவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், நீலகிரித் தோடர்களைக் களத்தில் ஆராய்ந்து 1906-இல் பெருநூல் எழுதியவர். அவர் நோயாளிகளைப் பேசவைத்தார். உடனிருந்த மருத்துவர் ஆர்தர் பிராக் அவர்களை வேலை செய்யவைத்தார். ரிவர்ஸுக்குக் கிடைத்த புகழில் பாதிகூடப் பிராக்குக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நம் பொருளுக்கு முன்னோடி அவரே.

பிராக்கின் சிந்தனை நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸிடம் பெற்றது. கெடிஸின் நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை 1914-இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. மீண்டும் பொருள் திரட்டி, 1915-இல் சென்னையில் அந்தக் கண்காட்சியை நடத்தினார். மதுரை உள்ளிட்ட சென்னை மாகாண ஊர்களைப் பற்றி அறிக்கைகளும் எழுதினார். இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பிராக் அதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். போர் மனிதனை அவன் சூழலிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டது. அந்தச் சூழலோடு அவனை மறுபடி பிணைப்பதே சிகிச்சை என்றார்.

1917 ஜூனில் கிரெய்க்லாக்ஹார்ட்டுக்கு வந்து பிராக்கிடம் சிகிச்சை பெற்ற கவிஞர் வில்ஃபிரட் ஓவன் இதற்கு நல்ல சான்று. இயற்கை ஆர்வலர் கழகத்தில் சேர்ந்து, செடிகள் சிந்திக்கின்றனவா என்ற பொருளில் கட்டுரை வாசித்தார். மருத்துவமனை இதழான 'ஹைட்ரா'வுக்கு ஆசிரியராக இருந்தார். டைன்காசில் பள்ளியில் பையன்களுக்கு இலக்கியப் பாடம் நடத்தினார். இவற்றுள் கடைசி வேலையையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஓர் ஆசிரியர். வந்தவர் நோயாளி என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே அன்று. இந்த முறையின் வேதனையான மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. குணப்படுத்தியது போர்முனைக்குத் திருப்பி அனுப்பத்தான். ஓவன் திரும்பிச் சென்று 1918 நவம்பர் 4 அன்று, போர் ஓய ஒரு வாரம் இருக்கையில், களத்தில் மாண்டார்.

இரண்டாம் உலகப் போரில் பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்ட் மருத்துவமனையில் மனநல மருத்துவர் வில்ஃபிரட் பயான் இதே திசையில் இன்னொரு அடி வைத்தார். ஒவ்வொரு வீரரும் ஏதாவதொரு குழுவில் சேர்ந்தே ஆக வேண்டும். குழுவின் சிக்கலைக் குழுவே தீர்க்க வேண்டும். அந்த முயற்சியை மேலிடம் சில வாரங்களிலேயே நிறுத்திவிட்டது. ஆயினும் அடுத்து வந்தவர்கள் அதைத் தொடர்ந்தார்கள்.

தனிவழி சென்றவரும் உண்டு. அதே போரில் பசிபிக் முனையில் பணியாற்றிய அமெரிக்கர் ஏர்ல் ஷேஃபர், இவோ ஜிமாவில் நண்பனைப் பறிகொடுத்தவர். 1948-இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும், ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர், ஒரே பயணமாக நடந்து கடந்தார். பின்னாளில் முன்னாள் வீரர்களுக்கான நடைப்பயணத் திட்டங்கள் அவரையே முன்மாதிரியாகக் காட்டின.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1970-இல் நியூயார்க்கில் தாங்களே கூடிப் பேசும் குழுக்களை அமைத்தார்கள். ராபர்ட் லிஃப்டன் போன்ற மனநல மருத்துவர்களும் அவற்றில் உட்கார்ந்தனர். பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய்) என்ற நோய்ப்பெயர் 1980-இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியதற்கு அவர்களின் போராட்டமும் ஒரு காரணம். அதன்பின் மலையும் ஆறும் சிகிச்சையின் துணையாயின. ஆனால் மருத்துவமனைச் சிகிச்சையோடு சில நாள் வெளிப்பயணத்தைச் சேர்த்துப் பார்த்த 1996-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, வீரர்கள் பயணத்தை விரும்பினாலும் நோய்க்குறிகள் அதனால் கூடுதலாகக் குறையவில்லை என்றே கண்டது.

பிராக் கேட்டது சில நாள் அல்ல. மாதக்கணக்கில், ஊர் மக்களுக்கிடையே, பிறருக்குப் பயன்படும் வேலை. எனவே இத்தகைய திட்டங்களை மதிப்பிடுவோர் மலையில் கழிந்த நாள்களோடு நிற்காமல், வீடு திரும்பிய வீரருக்கு அங்கே ஒரு பொறுப்பும் அவரை எதிர்பார்க்கும் ஆட்களும் இருக்கிறார்களா என்பதையும் ஆறு மாதம், ஓராண்டு கழித்துச் சென்று விசாரிக்க வேண்டும்.