கணிதத்தை விட்டு வந்த உயிரியல் மாணவிகள்

எமது கல்லூரியில் உயர்தரத்துக்கு உயிரியலைத் தெரிவுசெய்தவர்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது: இனிக் கணிதம் இல்லை. சாதாரண தரத்தோடு அது முடிந்துவிடும். இணைந்த கணிதம் பக்கத்து வகுப்பினரின் பாடு. டொக்டர் என்றால் பயோ, எஞ்சினியர் என்றால் மற்ஸ் என்றுதான் யாழ்ப்பாணத்து வீடுகளும் பிள்ளைகளைப் பிரித்தன. பெண்பிள்ளைக்கு முதற்பேச்சே பயோதான்.

உலகில் உயிரியலின் போக்கோ வேறாக இருந்தது. ஆராய்ச்சியாளருக்கான புள்ளிவிபர முறைகள் பற்றிய தமது நூலை றொனால்ட் பிஷர் 1925இல் வெளியிட்டார். றொதாம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு, கணிதம் பழகாத உயிரியலாளருக்கென்றே அதை எழுதினார். (அவருடைய இனமேம்பாட்டுக் கருத்துகளை நாம் ஏற்க வேண்டியதில்லை.) 1934இல் 'புரொபிற்' முறையை முன்வைத்த செஸ்ரர் பிளிஸ் ஒரு பூச்சியியலாளர். 1950 முதல் கல்கத்தாவிலும் வெளிநாட்டவருக்கான புள்ளிவிபரப் பயிற்சி நடந்தது.

'ஆர்' என்ற கணனி மொழி நியூசிலாந்தின் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993இல் வெளியே தெரியவந்தது. அந்த ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்துப் படித்த காலம். பற்றறிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். கணனியைப் படத்தில் பார்த்தோம்.

அந்த மொழி எதற்கு என்பதை விளக்க எமது மண்ணிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. டெங்கு நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். யாழ். பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. கரையோரத்தில் கைவிடப்பட்ட வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள், எறிந்த பிளாஸ்ரிக் ஏனங்களில் தேங்கிய உவர்நீரில், லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும், குடம்பிகள் இருந்தன. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம். 2014இல் குருநகர் உவர்நீர் நுளம்பையும் திருநெல்வேலி நன்னீர் நுளம்பையும் ஒப்பிட்டார்கள். குருநகர்க் குடம்பிகள் உப்பைக் கூடுதலாகத் தாங்கின.

'கூடுதலாக' என்பதை எப்படிச் சொல்வது? வெவ்வேறு உப்பளவில் குடம்பிகளை விட்டு, இறந்தவற்றை எண்ண வேண்டும். இறப்பு வீதம் உப்போடு நேர்கோடாக ஏறுவதில்லை. மெல்லத் தொடங்கி, செங்குத்தாக ஏறி, மேலே தட்டையாகும். பிளிஸின் முறை அந்த வளைவை நேர்கோடாக்கும். பாதிக் குடம்பிகள் இறக்கும் உப்பளவை அதிலிருந்து வாசிக்கலாம். 'ஆர்' மொழியில் அது ஒற்றை வரி. அந்த வரி என்ன செய்கிறது என்று விளங்குவதுதான் கஷ்டம்.

இதற்குத்தான் செயலமர்வுகள். 1998இல் அமெரிக்காவில் கிரெக் வில்சனும் பிறென்ற் கோர்டாவும் தொடங்கிய 'சொப்ற்வெயார் கார்ப்பென்ரி' பின்னர் இரண்டு நாள் வகுப்பாக உலகெங்கும் பரவியது. மருத்துவரான பிறகு நானும் அதேபோன்ற ஒரு செயலமர்வில் இருந்தேன். முதல் நாள் காலை மென்பொருளை மடிக்கணனிகளில் ஏற்றுவதிலேயே போனது. மத்தியானம் தரவைச் சுத்தம் செய்தோம்: ஒரே நிரலில் '15', '15 கி', 'பதினைந்து'. எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த அலுப்பான பகுதிதான்.

ஆனால் 2017இல் அமெரிக்காவில் 53 நிறுவனங்களைச் சேர்ந்த 294 உயிரியல் கலாநிதிப்பட்ட மாணவரை ஆராய்ந்தவர்கள், இத்தகைய குறுகிய பயிற்சிக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் ஆய்வுத்திறன் வளர்ச்சியில் வேறுபாடு காணவில்லை. செயலமர்வு நடத்துவோர் அதை மறுத்து எழுதினார்கள். எனக்கு அந்த முடிவு ஆச்சரியம் தரவில்லை. பதினாறு வயதில் கைவிட்டதை இரண்டு நாளில் மீட்க முடியாது. சொந்தத் தரவோடு வந்து, பிறகும் வாராவாரம் கூடியிருந்து செய்தவர்களிடம் அது தங்கியதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே பல்கலைக்கழகம் வரை காத்திராமல், உயர்தர உயிரியல் வகுப்பிலேயே தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு பிள்ளையும் மாதமொருமுறை தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவரட்டும். உப்பை அளந்து, கடற்கரையிலிருந்து தூரத்தையும் மழைக்கு முன்னா பின்னா என்பதையும் எழுதட்டும். ஓராண்டில் கோடு வரையப் போதுமான தரவு சேரும். தேவை உப்பளக்கும் கருவி ஒன்று, ஆய்வுகூடத்துக்கு ஒரு கணனி, வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் ஒரு மணி நேரம். முதல் இரண்டையும் வெளிநாட்டில் உள்ள பழைய மாணவிகள் ஒரு கிளையாகவே வாங்கிக் கொடுக்கலாம். மூன்றாவதை ரியூசன் நேரத்திலிருந்துதான் பிடுங்க வேண்டும்.