கிட்டியும் பருவமும்: டெல்டா வயலில் வாசனை இரையின் காலம்

வட அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்காரர்கள் இலையுதிர் காலத் தொடக்கத்தில் தீனி வாசனையை வைக்கிறார்கள். நவம்பரில் இணைசேரும் பருவம் வந்ததும் பெட்டை மானின் சிறுநீர் வாசனைக்கு மாறுகிறார்கள். கோடியக்கரை வெளிமானிடம் இந்த வித்தைக்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை, தரவும் கூடாது. ஆனால் வாசனை காட்டிப் பிடிக்கும் வேலை காவிரி டெல்டாவில் வயலுக்கு வயல் நடக்கிறது. எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி, குருத்துப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி. இரண்டிலும் பலனைத் தீர்மானிப்பது இரையின் மணம் மட்டுமல்ல, அந்த நேரத்தில் அதற்குப் போட்டியாக வயலில் என்ன இருக்கிறது என்பதே.

கிட்டி மூங்கிலால் ஆனது. வில்லாக வளைத்துக் கயிற்றுச் சுருக்கு மாட்டி, நடுவில் பொரியோ கருவாடோ வைப்பார்கள். எலி இரையை இழுத்ததும் வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கும். கிட்டி வைப்பவர் பொழுது சாயும் நேரத்தில் வரப்போரம் நடந்து, வளை வாயில் ஈரம் காயாத புதுமண் தள்ளியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வைக்கிறார்; விடியலில் எடுக்கிறார். இடத்தில் இவ்வளவு கவனம் காட்டும் நாம் காலத்தில் கோட்டை விடுகிறோம். கதிர் அறுபட்டுக் கிடப்பதைக் கண்ட பிறகே பெரும்பாலும் கிட்டிக்கு ஆள் தேடுகிறோம். அப்போது பால் பிடித்த நெல் வயல் முழுக்க நிற்கிறது. கைப்பிடிப் பொரிக்கு எலி ஏன் வர வேண்டும்? கதிர் முற்றும் காலமே அதன் இனப்பெருக்கக் காலமும் ஆகும். சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம்தான் என்பதால், இன்று தப்பும் ஒரு பெட்டை அறுவடைக்குள் ஒரு வளையையே நிரப்பிவிடும்.

சம்பா, தாளடி அறுவடையும் அதன்பின் உளுந்தும் முடிந்து, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரையுள்ள வறண்ட வாரங்களில் நிலைமை தலைகீழ். தீனி அருகிப்போகிறது, எலி வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒடுங்குகிறது. பொரி வாசனைக்குப் போட்டியில்லை.

பூச்சியிலும் இதே கணக்குத்தான். குருத்துப்பூச்சி எனப்படும் மஞ்சள் தண்டுத் துளைப்பானின் பெண் அந்து வெளியிடும் மணம், ஹெக்ஸாடெசினல் வகை ஆல்டிஹைடுகள் இரண்டு, 3:1 விகிதத்தில் சேர்ந்தது. பொறியில் விழுவது ஆண் மட்டுமே. பெருவாரியாகப் பிடிக்க ஹெக்டேருக்கு 20 பொறி என்பது பரிந்துரை. ஆனால் வயலில் பெண் அந்துகள் மலிந்துவிட்டால் ஒவ்வொன்றும் பொறிக்குப் போட்டி. இணைசேர்ந்துவிட்ட பெண்ணோ பொறியைச் சீண்டாமல் இலைநுனியில் முட்டையிட்டு மயிரால் போர்த்திவிடும். நடுக்குருத்து காய்ந்த பின் கட்டும் பொறி சேதத்தைத் தடுக்காது, அடுத்த தலைமுறையின் வரவை எண்ணிச் சொல்லத்தான் உதவும்.

சேதம் தெரியும் முன்பே, வறண்ட மே மாதத்தில் கிட்டிக்குச் செலவழிக்க விவசாயி தயங்குவது நியாயம். கையில் காசில்லாத மாதம் அது. தவிர, ஒருவர் மட்டும் வைத்தால் பக்கத்து வரப்பு எலி வந்து இடத்தை நிரப்பும். ஆகவே மே மாதக் கிட்டிக் கூலியைத் தனி விவசாயி தலையில் கட்டாமல், வாய்க்கால் தூர்வாரும் பணியோடு ஊர்ப் பொதுச் செலவில் சேர்ப்பதே பொருந்தும்.